தோட்டத்துக் குளத்தில் எந்த மீன் எங்கே வாழ்கிறது: டேக் போடுவது முதல் கணக்குப் போடுவது வரை

ஒரு நாள் வலை போட்டு, கரையோரம் 40 திலாப்பியா, நடுக்குளத்தில் 15 என்று எண்ணி, "திலாப்பியா கரையை விரும்பும் மீன்" என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்த 40 மீன்களும் அடுத்த வாரமும் கரையிலேதான் இருக்குமா, அல்லது எல்லா மீன்களும் மாறி மாறிக் கரைக்கு வந்து போகின்றனவா? இதற்கு அந்த எண்ணிக்கையில் விடை இல்லை. ஒரே இனம், ஒரே அளவு, ஒரே குளம் என்றாலும் சில மீன்கள் கங்கோங் கீரைப் புதருக்குள்ளேயே கிடக்கும், சில திறந்த நீரிலேயே திரியும், சில இரண்டுக்கும் போய் வரும். இதைக் காட்ட வேண்டுமென்றால் ஒரே மீனைப் பல தடவை பார்த்தாக வேண்டும்.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவைப் போல ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் பழைய ஈயக்குட்டை என்று இருக்கும் ஊர்களில், பள்ளி அறிவியல் மன்றமோ ஆர்வமுள்ள நாலைந்து இளைஞர்களோ ஆறேழு மாதத்தில் செய்து முடிக்கக்கூடிய முறை இது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் டேக் (மீனை அடையாளம் காட்டும் எண்ணிட்ட சீட்டு) போட்டுவிட்டுப் பிறகு திட்டம் போடுபவர்களின் தரவுகள் பெரும்பாலும் கடைசியில் குப்பைக்குத்தான் போகின்றன.

1. குளத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒன்றிரண்டு ஏக்கர் பரப்புள்ள மூடிய குளமே போதும். நாற்றங்காலுக்கு நீர் இறைக்கும் தோட்டத்துக் குளம் மிகப் பொருத்தம். பெரிய ஈயக்குட்டை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் டேக் போட்ட மீனை அதில் மறுபடி பிடிப்பது அரிது. பல குட்டைகளின் கரை செங்குத்தாக இறங்கும், அடியில் கால் புதையும் சேறு. பழைய குட்டைகள் மழைக்காலத்தில் ஒன்றோடொன்று கலந்தும் போகும். அப்போது காணாமல் போன மீன் செத்ததா, அடுத்த குட்டைக்குப் போனதா என்று சொல்ல முடியாது.

குளத்துக்கு வந்து சேரும் பாரிட் என்னும் வாய்க்காலையும் நீர் வெளியேறும் குழாயையும் முதலில் பாருங்கள். இரண்டிலும் 2 செ.மீ. கண் வலை கட்டி, மழை பெய்தால் மறுநாளே குப்பையை அகற்ற வேண்டும். அடைத்துக்கொண்ட வலை ஒரே இரவில் அறுந்துவிடும்.

குளத்தில் தெளிவாக வேறுபட்ட இடங்கள் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். கங்கோங், கியாம்பாங் என்னும் மிதக்கும் செடி அடர்ந்த ஓரம், செடியில்லாத மணல் ஓரம், 2 மீட்டருக்கு மேல் ஆழமான நடுப்பகுதி என்று மூன்றும் இருந்தால் மிக நல்லது. கிண்ணம்போல் ஒரே சீராக இருக்கும் குளத்தில் மீன்களுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. அங்கே வேறுபாடு தெரியவில்லை என்றால் அது மீனின் குறை அல்ல.

2. அனுமதியும் பாதுகாப்பும்

தோட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். கூடவே குளத்தையொட்டிய பகுதிகளுக்கு உரமும் களைக்கொல்லியும் எப்போது போடுவார்கள், நாற்றங்காலுக்கு எந்த நாட்களில் நீர் இறைப்பார்கள் என்ற அட்டவணையையும் கேளுங்கள். அனுமதிக் கடிதத்தைவிட இந்தத் தாள்தான் பிறகு அதிகம் உதவும். உள்நாட்டு நீர்நிலைகளில் மீன்பிடி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் மாநில மீன்வளத் துறை அலுவலகத்திலும் கேட்டுவிட வேண்டும். மின்சாரம் பாய்ச்சியோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. யாராவது பேட்டரியோடு உதவிக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நீரில் இறங்குபவர்கள் ரப்பர் காலணியும் கையுறையும் போட வேண்டும். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் தோலில் உள்ள சிறு வெட்டு வழியாகக்கூட உடலுக்குள் போகும். படகில் ஏறும் எல்லாருக்கும் மிதவை அங்கி கட்டாயம். இடிச்சத்தம் கேட்டதும் வேலையை நிறுத்துங்கள். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும்.

தூண்டில் போடுபவர்களுக்காகக் கரையில் ஓர் அறிவிப்புப் பலகை வையுங்கள்: டேக் உள்ள மீனைப் பிடித்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு உயிரோடு விட்டுவிடவும். தமிழிலும் மலாயிலும் எழுதினால் மட்டும் போதாது. தோட்டத்தில் வங்காளதேசத் தொழிலாளர்கள் இருந்தால் வங்காள மொழியிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வார இறுதியில் அந்தக் குளத்தில் தூண்டில் போடுபவர்களில் அவர்களும் இருக்கலாம்.

3. நீரை அளந்து வரைபடம் போடுதல்

மீன் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன் மீன் எங்கே இருக்கவே முடியாது என்று தெரிய வேண்டும். கயிற்றில் எடை கட்டி 5 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் குளம் முழுவதும் ஆழம் அளந்து தாளில் குறியுங்கள். கரையில் அளவுக்கோல் ஒன்றை நட்டு வைத்தால் நீர்மட்டம் ஏறி இறங்குவது தெரியும். நாற்றங்காலுக்கு நீர் இறைக்கும் வறண்ட வாரங்களில் மட்டம் அரை மீட்டர் இறங்கினால், "கரையோரம்" என்று நீங்கள் பெயர் வைத்த இடமே நகர்ந்திருக்கும்.

அடுத்து கரைந்த ஆக்சிஜன். கையடக்கக் கருவியால் அரை மீட்டருக்கு ஒரு முறை, மேலிருந்து அடிவரை, காலையிலும் மாலையிலும் அளக்க வேண்டும். வெப்பமண்டலக் குளத்தில் மேல்நீர் சூடாகி மிதந்துகொண்டிருக்கும், அடிநீர் கலக்காமல் மூச்சுமுட்டிக் கிடக்கும். லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே இறங்கும் ஆழத்தைப் பெரும்பாலான மீன்கள் தவிர்க்கும். அந்தக் கோட்டை வரைபடத்தில் குறியுங்கள். அதற்குக் கீழே மீன் கிடைக்கவில்லை என்பதை விருப்பம் என்று எழுதக் கூடாது.

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: 30 பாகை வெப்பமுள்ள சுத்தமான நீரை வாளியில் நன்றாகக் கலக்கி, காற்று ஏற்றி அளந்தால் 7.5 மி.கி. அளவு காட்ட வேண்டும். பச்சைப் பாசி நிறைந்த குளம் பிற்பகலில் இதைவிட அதிகம் காட்டினால் அது பாசி செய்த வேலையாக இருக்கலாம். ஆனால் வாளி நீரிலும் அதிகம் காட்டினால் கருவிக்கு அளவுத்திருத்தம் வேண்டும்.

கனமழைக்கு மறுநாள் குளிர்ந்த நீர் கீழே இறங்கி அடிநீரைக் கிளப்பிவிடும். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாய் பிளக்கும். அன்றைய தரவு எந்த மீனின் பழக்கத்தையும் சொல்லாது. இரண்டு மூன்று நாட்கள் விட்டுத் தொடருங்கள்.

4. பொறியும் இடமும்

மடக்குப் பூபு (மடக்கக்கூடிய மீன்பொறி) 12 வாங்குங்கள். எல்லாம் ஒரே கடை, ஒரே அளவு, 2.5 செ.மீ. கண். செடியோரம் 4, மணலோரம் 4, நடுவில் 4 என்று வைக்க வேண்டும். செடியோரம் எட்டும் நடுவில் இரண்டும் வைத்துவிட்டு, "செடியோரம் மீன் அதிகம்" என்று சொல்வது தேடிய இடத்தைப் பற்றிய செய்தியே தவிர மீனைப் பற்றியது அல்ல.

கரையோரப் பூபுவுக்குக் கரையே சுவராக நின்று மீனை உள்ளே திருப்பிவிடும். நடுவில் அப்படி எதுவும் இல்லை. எனவே பன்னிரண்டுக்கும் 5 மீட்டர் நீள வழிகாட்டு வலை ஒன்றைச் சமமாகக் கட்டுங்கள். அப்போதும் பிடிபடும் வாய்ப்பு முழுக்கச் சமமாகிவிடாது. மீதியைக் கணக்கில் எப்படிச் சரிசெய்வது என்பது 9ஆம் படியில் வருகிறது.

பூபுவில் இரை வைக்கவே கூடாது. புதியவர்கள் அதிகம் முரண்டு பிடிக்கும் இடம் இதுதான், ஏனென்றால் இரை இல்லாமல் மீன் குறைவாகவே விழும். ஆனால் இரை வைத்தால் அந்த வாசனை வேறு இடத்து மீனையும் இழுத்து வந்துவிடும். அப்புறம் நீங்கள் அளப்பது இருப்பிடத்தை அல்ல, பசியை. இயற்கையாக விழும் இரையையும் கவனியுங்கள். நீர்மேல் சாய்ந்து நிற்கும் செம்பனையிலிருந்து பழுத்த பழம் விழும் இடத்தில் லம்பாம் ஜாவா மீன்கள் கூட்டமாக வரும், தூண்டில்காரர்கள் அந்தப் பழத்தையே கொக்கியில் மாட்டுவதும் அதனால்தான். அப்படிப்பட்ட மரத்தடியில் பூபு வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் பழம் கிடந்த நாட்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

நடுக்குளத்துப் பூபுவை அடியில் போட்டால் மீன் மூச்சுமுட்டிச் சாகும். மிதவையில் கட்டி, ஆக்சிஜன் கோட்டுக்கு மேலே, உதாரணமாக 1.5 மீட்டரில் தொங்கவிடுங்கள். கரையோரப் பூபுவின் வால்பகுதி ஒரு சாண் நீருக்கு வெளியே நிற்க வேண்டும். ஆமையும் உடும்பும் உள்ளே மாட்டினால் மூச்சு விட அந்த இடம் இருக்கும்.

காலை 7.30 முதல் 9.30 வரை, மாலை 4.30 முதல் 6.30 வரை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். எல்லாப் பூபுவையும் போட்ட வரிசையிலேயே தூக்க வேண்டும். இல்லையென்றால் கடைசிப் பூபு கூடுதல் நேரம் நீரில் கிடக்கும்.

5. எத்தனை மீன், எத்தனை நாள்: முன்னோட்டக் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், பாதியில் கைவிடுகிறவர்களும் அவர்கள்தான்.

முதலில் 30 மீனுக்கு மட்டும் டேக் போடுங்கள் (எப்படி என்பது அடுத்த படியில்). ஒரு வாரம் விட்டு நான்கு முறை பூபு போடுங்கள். 30 மீன், 4 முறை என்றால் மொத்தம் 120 வாய்ப்புகள். அதில் 12 தடவை டேக் மீன் கிடைத்தால், ஒரு முறை பூபு போடும்போது ஒரு குறிப்பிட்ட மீன் மாட்டும் வாய்ப்பு 0.10. ஒவ்வொரு மீனையும் சராசரியாக 5 தடவை பார்க்க 5 ஐ 0.10 ஆல் வகுங்கள்: 50 முறை. வாரத்துக்கு இரண்டு முறை போட்டால் 25 வாரம். செய்யக்கூடிய வேலை.

அதே வாய்ப்பு 0.03 என்றால் 167 முறை வேண்டும். நடக்காது. இந்த இடத்தில் பலரும் "இன்னும் 200 மீனுக்கு டேக் போடலாம்" என்பார்கள். அதனால் டேக் போட்ட மீன்களின் எண்ணிக்கைதான் கூடும். ஒவ்வொரு மீனும் திரும்பக் கிடைக்கும் தடவை கூடாது. நமக்கு வேண்டியது 25, 30 மீன், ஒவ்வொன்றும் 5 தடவை. 300 மீன் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை கிடைத்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வாய்ப்பைக் கூட்ட இரண்டே வழி: மூன்று வகை இடத்திலும் சமமாகப் பூபுவைக் கூட்டுங்கள், அல்லது சின்னக் குளத்துக்கு மாறுங்கள்.

பணம் இருந்தால் மூன்றாவது வழி மைக்ரோசிப். நாய்க்குப் போடுவதைப் போன்ற கண்ணாடிச் சில்லு. 12 மி.மீ. சில்லு சுமார் 0.1 கிராம், 23 மி.மீ. சில்லு சுமார் 0.6 கிராம். மீனின் எடையில் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. கம்பிச்சுருள் வளையங்களை நீரில் வைத்து, 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் கருவியோடு இணைத்தால், பிடிக்காமலே இரவும் பகலும் மீன் பதிவாகும். மூன்று எச்சரிக்கை. இரும்புக் குழாய் அருகில் இருந்தால் வளையம் சரியாகப் படிக்காது. இரண்டு சில்லுகள் ஒரே நேரத்தில் வளையத்துக்குள் வந்தால் இரண்டுமே பதிவாகாமல் போகலாம். அதனால் ஆண் திலாப்பியா ஒன்று வளையத்துக்குள் கூடு தோண்டி உட்கார்ந்துவிட்டால் மற்ற மீன்கள் எதுவும் தெரியாது. கடைசியாக, இந்த மீனை மக்கள் சமைத்துச் சாப்பிடுவார்கள். சில்லைச் சதையில் போடாமல் வயிற்றறைக்குள் போடுங்கள், குடலோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

6. டேக் போடுதல்

தேவையானவை: எண்ணிட்ட டி வடிவ டேக், அதற்கான துப்பாக்கி, மாற்று ஊசி இரண்டு, 70 விழுக்காடு ஆல்கஹால், 40 லிட்டர் தொட்டி இரண்டு, பேட்டரிக் காற்றுக்கருவி, அளவுப்பலகை, தராசு, ஈரத்துணி. துணிக்கடையில் விலைச்சீட்டு மாட்டும் துப்பாக்கி போலவேதான் இதுவும் இயங்கும். டேக்கின் நிறம் சாம்பலோ வெளிர்மஞ்சளோ போதும். பளிச்சென்ற நிறம் மற்ற மீன்களைக் கடிக்கத் தூண்டும், இரைதேடும் தோமானுக்கும் (ஒரு வகைப் பெரிய விரால் மீன்) கண்ணில் படும்.

15 செ.மீ.க்குக் குறைந்த மீனுக்கு இந்த டேக் வேண்டாம். மயக்க மருந்தும் வேண்டாம். மீன் நாளைக்கே யாரோ ஒருவர் சட்டிக்குப் போகலாம். கை பழகினால் அரை நிமிட வேலைதான். அதுவரை இறந்த மீனில் 20 தடவையாவது பழகுங்கள்.

கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை பட்டால் மீனின் வழவழப்பு உரிந்து அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். தலையிலிருந்து வாலை நோக்கித் தடவி முதுகுமுள்ளை மடக்கிப் பிடித்து, மீனின் தலை உங்கள் இடக்கைப் பக்கம் வரும்படி ஈரத்துணியில் படுக்க வைத்து, கண்ணை மூடுங்கள். கண் மறைந்ததும் துடிப்பு அடங்கும்.

முதுகுத் துடுப்பின் பின்பாதிக்குக் கீழே, துடுப்பின் அடியிலிருந்து ஒரு விரற்கடை இறங்கி, ஒரு செதிலை மட்டும் நகத்தால் எடுங்கள். ஊசியை அந்த இடத்தில் தலைப்பக்கம் நோக்கி 45 பாகை சாய்வாகச் செலுத்துங்கள். டேக் பின்னோக்கிச் சாய்ந்து நீரோட்டத்தோடு படிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சாய்வு. உள்ளே போகும்போது துடுப்பைத் தாங்கும் சிறு எலும்புகளை ஊசி கடப்பது கையில் லேசான தடுப்பாகத் தெரியும். அதைக் கடந்தபின் விசையை அழுத்தி, துப்பாக்கியைக் கால்வட்டம் திருப்பி, வெளியே எடுங்கள். பிறகு டேக்கை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் சதையில் மட்டுமே நின்றிருக்கிறது, எலும்பைப் பிடிக்கவில்லை என்று பொருள். அப்படியே விட்டால் இரண்டு வாரத்தில் தானாக விழுந்திருக்கும்.

ஒவ்வொரு மீனுக்கும் ஊசியை ஆல்கஹாலில் நனைத்துத் துடையுங்கள். மீன் நீருக்கு வெளியே 30 விநாடிக்கு மேல் இருக்க வேண்டாம். லிட்டருக்கு 5 கிராம் உப்பு, அதாவது தொட்டிக்கு 200 கிராம் கலந்த நீரில் நேராக நீந்தும்வரை வைத்திருங்கள். ஒரு தொட்டிக்குப் பத்து மீனுக்கு மேல் கூடாது. தொட்டி நிழலில்தான் இருக்க வேண்டும், வெயிலில் வைத்தால் அந்த நீர் சீக்கிரமே மீனுக்கு ஆகாத சூட்டுக்குப் போய்விடும்.

ஆண் பெண்ணைக் கட்டாயம் குறியுங்கள். திலாப்பியாவின் அடிவயிற்றில் ஆணுக்கு இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. உணவு நிறச்சாயம் ஒரு சொட்டு தடவினால் துளைகள் தெளிவாகத் தெரியும். தொண்டை புடைத்த பெண் மீனின் வாய்க்குள் முட்டையோ குஞ்சோ இருக்கும். அதற்கு டேக் போடாதீர்கள், அளக்கவும் வேண்டாம், உடனே விட்டுவிடுங்கள். பயந்தால் எல்லாவற்றையும் துப்பிவிடும்.

பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். சுவீடன் ஏரிகளில் பெர்ச் மீனைப் பார்த்தவர்கள், கரையோரம் வாழ்பவை உயரமான உடலோடும் திறந்த நீரில் வாழ்பவை மெலிந்தும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் குளத்தில் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் படம் எடுக்காமல் விட்டால் பிறகு பார்க்க வழியே இல்லை.

ஐந்து மீனுக்கு ஒன்று வீதம் இரண்டு டேக் போடுங்கள். டேக் உதிரும் அளவு அதிலிருந்துதான் தெரியும். அப்படிப்பட்ட 20 மீன் திரும்பக் கிடைத்து, 16 இரண்டு டேக்கோடும் 4 ஒரே டேக்கோடும் இருந்தால், உதிர்வு 4 வகுத்தல் 36, ஏறத்தாழ 11 விழுக்காடு. (36 என்பது ஒற்றை டேக் 4, இரட்டை டேக் 16 இன் இருமடங்கு 32.)

7. எங்கே விடுவது

பிடித்த இடத்திலேயே விடத்தான் தோன்றும். ஆனால் செடியோரப் பூபுவில் மாட்டிய மீனைச் செடியோரமே விட்டு, மூன்று நாள் கழித்து அங்கேயே பிடித்தால், அது தேர்ந்தெடுத்து நின்றதா, விட்ட இடத்தில் நின்றதா? எல்லா மீனையும் ஒவ்வொரு தடவையும் குளத்தின் நடுவில் ஒரே புள்ளியில் விடுங்கள். திரும்பிப் போகும் இடம் அதன் சொந்த முடிவாக இருக்கும். ஒன்றிரண்டு ஏக்கர் குளத்தில் இந்தத் தூரம் மீனுக்குப் பெரிதல்ல. அடுத்த முறைக்குக் குறைந்தது மூன்று நாள் இடைவெளி கொடுங்கள். காலையில் பிடித்ததை மாலையில் மறுபடி பிடித்தால் அது இரண்டாவது சான்று ஆகாது. அன்றைக்கு முதல் பிடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. பதிவேடு

ஒரு பிடிக்கு ஒரு வரி: நாள், நேரம், பூபு எண், டேக் எண், பூபு நின்ற இடத்தின் ஆழம், மீனின் நீளம், பால், நீர்மட்டம். டேக் இல்லாத மீனையும் எண்ணிக் குறிக்க வேண்டும். மீனே விழாத பூபுவுக்குப் பூஜ்யம் போடுங்கள், காலியாக விடாதீர்கள். காலி இடம் இருந்தால் பூபு போடவில்லையா, மீன் இல்லையா என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

சில வாரங்களில் டேக்கில் பாசி படியும். கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, எண்ணை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரும்பச் சொல்லி எழுத வேண்டும். 6ஐ 8 என்று எழுதினால் கரை மீன் ஒன்று திடீரென்று ஊர்சுற்றும் மீனாகிவிடும்.

தூண்டில்காரர்கள் சொல்லும் எண்கள் மதிப்புள்ளவை, ஆனால் தனி ஏட்டில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் நிறுத்த முடியும் இடத்தில்தான் அவர்கள் உட்காருவார்கள்.

9. கணக்கு

கீழே உள்ளது விளக்கத்துக்காக எழுதிய எண்கள். மூன்று மீன், ஐந்து பிடி, பிடிபட்ட இடத்தின் ஆழம் மீட்டரில்.

மீன் 12: 0.6, 0.8, 0.5, 0.7, 0.9. சராசரி 0.7.
மீன் 31: 1.8, 2.2, 2.0, 1.6, 2.4. சராசரி 2.0.
மீன் 47: 0.6, 2.4, 1.5, 0.9, 2.1. சராசரி 1.5.

மொத்தச் சராசரி 1.4 மீட்டர். மீன் 12ம் 31ம் ஒரு தடவைகூட அந்த ஆழத்தில் இருந்ததில்லை. "இந்த இனம் 1.4 மீட்டரில் வாழ்கிறது" என்று எழுதினால் அது இந்த இரண்டு மீனுக்கும் பொருந்தாது.

ஒவ்வொரு மீனுக்கும் அதன் சொந்தச் சராசரியிலிருந்து விலகலை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள்: 0.10, 0.40, 2.34. மொத்தம் 2.84. இதை 12 ஆல் வகுத்தால் (15 பிடியிலிருந்து 3 மீனைக் கழித்தது) 0.237. இது ஒரே மீனுக்குள் இருக்கும் அலைச்சல்.

அடுத்து மீன்களுக்கு இடையே. ஒவ்வொரு மீனின் சராசரியும் 1.4 இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று வர்க்கமாக்கிக் கூட்டினால் 0.86. ஐந்து பிடி என்பதால் 5 ஆல் பெருக்கினால் 4.3. மூன்று மீனில் ஒன்றைக் கழித்து 2 ஆல் வகுத்தால் 2.15. இதிலிருந்து 0.237ஐக் கழித்து 5 ஆல் வகுத்தால் 0.383. இது மீனுக்கு மீன் உள்ள வேறுபாடு.

0.383ஐ, 0.383 கூட்டல் 0.237 ஆல் வகுத்தால் 0.62. இதுதான் மீள்நிகழ்வு அளவு. 0 என்றால் எல்லா மீனும் ஒன்றுபோல் அலைகின்றன. 1 என்றால் ஒவ்வொன்றும் தன் இடத்தை விட்டு நகர்வதே இல்லை. பல விலங்குகளின் நடத்தைகளைத் தொகுத்து 2009இல் வெளியான ஆய்வில் சராசரி 0.37. உங்களுக்கு 0.95 வந்தால் மகிழ்வதற்கு முன் பதிவேட்டைத் திரும்பப் பாருங்கள்.

இந்த எண் தற்செயலா என்று சோதிக்க, ஒவ்வொரு பிடியையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் கிடைத்த சீட்டுகளுக்குள் மட்டும் டேக் எண்களைக் குலுக்கி மாற்றி, கணக்கை மறுபடி போடுங்கள். நாள் தாண்டிக் குலுக்கக் கூடாது. அன்றைய மழை, நீர்மட்டம், எந்த வகைப் பூபுவில் எவ்வளவு விழுந்தது எல்லாம் அப்படியே இருக்க, "எந்த மீன்" என்பது மட்டும் மாற வேண்டும். நடுப்பூபுவில் மீன் குறைவாக விழும் சிக்கலும் இதனால்தான் சரியாகிறது. உண்மையான எண், குலுக்கி வந்த 1000 எண்களில் 950க்கு மேற்பட்டவற்றைவிடப் பெரிதாக இருந்தால் நம்பலாம். வகுப்பில் கையால் 20 முறை செய்து காட்டி, மீதியை ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டுங்கள்.

மீன் 47ஐ மறுபடி பாருங்கள். உள் அலைச்சலில் பெரும்பகுதி அந்த ஒரே மீனுடையது. இடம் மாறிக்கொண்டே இருப்பதும் ஒரு மீனின் இயல்பாக இருக்கலாம். ஒவ்வொரு மீனின் அலைச்சலையும் தனியாகவும் எழுதி வையுங்கள்.

10. மீன் வேறுபாடு போலத் தோன்றி ஏமாற்றுபவை

உடல் அளவு. சிறிய மீன் தோமானுக்குப் பயந்து செடிக்குள் ஒதுங்கும். 15 முதல் 20 செ.மீ., 20 முதல் 25 செ.மீ. என்று பிரித்து, அந்தந்தப் பிரிவுக்குள் கணக்குப் போடுங்கள். மொத்தமாகப் போட்டு வந்த வேறுபாடு பிரித்ததும் மறைந்துவிட்டால், நீங்கள் கண்டது வயதைத்தான்.

இனப்பெருக்கம். ஆண் திலாப்பியா ஆழமில்லாத மணலில் வட்டமாகக் கூடு தோண்டிக் காவல் நிற்கும். மூன்று வாரம் ஒரே பூபுவில் ஒரே ஆண் மாட்டினால் சுற்றிலும் கூட்டுப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பெண் இரண்டு வார அளவு வாயில் குஞ்சு காக்கும்போது சரியாக இரை எடுக்காது, பொறியிலும் குறைவாகவே விழும். ஆண், பெண் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

துணிச்சல். புதுப்பொருளைக் கண்டு பயப்படாத மீன்தான் பூபுவுக்குள் அடிக்கடி போகும். ஐந்து தடவை கிடைத்த மீன்களின் பட்டியல் துணிச்சலான மீன்களின் பட்டியலாகவே இருக்கலாம். நான்கு முறைக்கு ஒரு முறை பூபுவுக்குப் பதில் அதே 12 இடத்தில் ஜாலா (வீச்சு வலை) வீசுங்கள், இடத்துக்கு மூன்று வீச்சு. ஜாலாவில் மட்டுமே கிடைக்கும் டேக் மீன்கள் இருந்தால் அதை அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

முதல் பிடி. செடியோரம் முதலில் பிடித்ததால் "செடி மீன்" என்று பெயர் வைத்துவிட்டு, அதே பிடியையும் சேர்த்து அது செடி மீன்தான் என்று நிறுவுவது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவது. முதல் பிடியையும் அதற்கடுத்த ஒரு வாரத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். டேக் போட்ட அதிர்ச்சியும் அந்த வாரத்தில்தான் இருக்கும்.

11. முடிக்கும்போது

கடைசி நாள் 12 பூபுவையும் எண்ணி எடுங்கள். 11 மட்டும் இருந்தால் அன்றே தேடுங்கள், மறுநாளும் தேடுங்கள். யாரும் தூக்காத பூபு மாதக்கணக்கில் மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே செத்த மீன் அடுத்த மீனுக்கு இரையாகும். பாரிட் வலைகளையும் மிதவைக் கயிறுகளையும் கழற்றிவிட்டு, அறிவிப்புப் பலகையை மட்டும் இன்னும் ஆறு மாதம் விட்டு வையுங்கள். டேக்கோடு நீந்தும் மீன்கள் அப்போதும் குளத்தில் இருக்கும்.